கெட்சப் பாட்டிலின் பின்பக்கம்: எதைப் பார்த்துப் பயப்படலாம், எதை விட்டுவிடலாம்

தக்காளி கெட்சப் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பெரும்பாலானவர்களின் கண் நேராகப் போய் நிற்பது சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் எண்களில்: 211, 202, 415, 260. என்னவென்று புரியாத எதுவும் உடம்புக்கு ஆகாது என்ற பயம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்கள் இல்லாத பாட்டில் கிடைத்துவிட்டால் நிம்மதியாகக் கூடையில் போட்டுவிடுகிறோம். அதே பட்டியலில், எல்லோருக்கும் தெரிந்த சர்க்கரையும் உப்பும் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடுகின்றன. கெட்சப் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அந்த இரண்டிலும், தட்டில் நாம் எவ்வளவு ஊற்றிக்கொள்கிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துத் தரவுகளின்படி, 100 கிராம் சாதாரண கெட்சப்பில் சுமார் 100 கலோரி, 21 முதல் 22 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கின்றன. புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் உலகம் முழுக்க விற்கும் வழக்கமான கெட்சப்புகள் இந்த அளவைச் சுற்றியேதான் இருக்கின்றன.

“தக்காளியிலேயே சர்க்கரை இருக்கிறதே, அதைத்தான் லேபிளில் போட்டிருப்பார்கள்” என்று சிலர் சொல்வதுண்டு. 100 கிராம் சமைக்காத தக்காளியில் இருக்கும் சர்க்கரை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு நல்ல கெட்சப்பில் 100 கிராமுக்குச் சுமார் 150 கிராம் தக்காளி போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து வருவது 4 கிராம்தான். மீதி 17, 18 கிராம் வெளியிலிருந்து கொட்டியது.

பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் யாரும் ஒரே உட்காரலில் 100 கிராம் கெட்சப் சாப்பிடுவதில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் என்பது 15 முதல் 17 கிராம். அதில் சர்க்கரை 4 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். சோடியம் சுமார் 150 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வெளியிலிருந்து சேரும் சர்க்கரை ஒருநாள் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். சோடியத்துக்கு அதே அமைப்பு சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம், அதாவது ஐந்து கிராம் உப்பு. இந்த வரம்புகளின் முன்னால் ஒரு டேபிள்ஸ்பூன் கெட்சப் ஒன்றுமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஸ்பூன் தொட்டுக்கொள்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

சிக்கல் நான்கு ஸ்பூனில் தொடங்குகிறது. பாட்டிலை அமுக்கி ஊற்றும்போது நான்கு ஸ்பூன் என்பது கண்ணுக்குப் பெரிதாகவே தெரியாது. ஒருமுறை வழக்கம்போல் ஊற்றிவிட்டு, பிறகு அதை ஸ்பூனால் அளந்து பாருங்கள். நான்கு ஸ்பூன் என்றால் சர்க்கரை சுமார் 14 கிராம், சோடியம் 600 மில்லிகிராம். 25 கிராம் வரம்பில் பாதிக்கு மேல் முடிந்தது. சோடியத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கெட்சப்பைத் தனியாகவும் யாரும் சாப்பிடுவதில்லை. அது போய்ச் சேர்வது பெரும்பாலும் ஏற்கெனவே உப்புப் போட்டுப் பொரித்த பண்டத்தோடு. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுகும். ஒரு நாளைக்கு 1,400 கலோரி போதும் என்ற வயதில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது 17 கிராம்தான். கெட்சப் இல்லாமல் எதையும் தொடாத குழந்தை ஒரு வேளையிலேயே அதை எட்டிவிடும்.

இன்னொரு வகைப் பயமுறுத்தலையும் அடிக்கடி பார்க்கிறோம்: “கெட்சப்பில் ஐஸ்கிரீம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது.” 100 கிராமுக்கு 100 கிராம் என்று வைத்தால் அது உண்மை. ஆனால் ஐஸ்கிரீமை 100 கிராம் சாப்பிடுவார்கள், கெட்சப்பை 15 கிராம் சாப்பிடுவார்கள். இதற்கு நேர்மாறான ஏமாற்று, லேபிளில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று போட்டு எல்லா எண்ணையும் சின்னதாகக் காட்டுவது. இரண்டு பிராண்டுகளை ஒப்பிட 100 கிராம் கணக்கைப் பார்க்க வேண்டும். நமக்கு எவ்வளவு போகிறது என்று அறிய, நாம் உண்மையில் ஊற்றிக்கொள்ளும் அளவால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதில் ஒன்றை மட்டும் பார்த்தால் தேவையில்லாத பயமோ தேவையில்லாத தைரியமோதான் வரும்.

சர்க்கரை ஏன் இவ்வளவு?

ருசிக்காக மட்டும் என்று நினைத்தால் தவறு. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கெட்சப் என்பது பெரும்பாலும் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் கழிவிலிருந்து வந்தது. தோல், நடுத்தண்டு, பழுக்காத காய், அழுகத் தொடங்கிய பழம் எல்லாம் சேர்ந்த கூழ் அது. அது புளித்துப் பொங்கிவிடாமல் இருக்க சோடியம் பென்சோயேட்டையும், பழுப்பாகிப்போன நிறத்தை மறைக்கச் சாயத்தையும் சேர்த்தார்கள். அந்நாட்டு வேளாண் துறையின் தலைமை வேதியியலாளராக இருந்த ஹார்வி வைலி 1902இல் இளைஞர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். போராக்ஸ், ஃபார்மால்டிஹைடு, பென்சோயேட் போன்றவற்றை அவர்களுக்கு உணவோடு கொடுத்து என்ன ஆகிறது என்று கவனித்தார். பத்திரிகைகள் அதற்கு ‘விஷப் படை’ என்று பெயர் வைத்தன. 1906இல் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்ததற்கு அந்தப் பரபரப்பும் ஒரு காரணம்.

அந்தச் சமயத்தில் ஹெய்ன்ஸ் நிறுவனம் பென்சோயேட் இல்லாமலே கெடாத கெட்சப்பைக் கொண்டுவந்தது. வழி எளிமையானது: நன்றாகப் பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை, உப்பு. பழுத்த தக்காளியில் பெக்டின் நன்றாக இருப்பதால் கூழ் கெட்டியாக நின்றது. வினிகர் அமிலத்தைக் கூட்டியது. சர்க்கரையும் உப்பும் கூழிலுள்ள தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்தன. அப்போது பிறந்த அந்தச் செய்முறையைத்தான் இன்றும் நாம் கெட்சப் என்று நாக்கில் உணர்கிறோம்.

ஆகவே ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை’ என்று பாட்டிலின் முகப்பில் பெரிதாக எழுதியிருந்தால், அந்த வேலையை வினிகரும் சர்க்கரையும் உப்பும் செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமிலம்தான் இதில் பெரிய காவல். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்; கெட்சப்பில் அது பொதுவாக நாலுக்குக் கீழே இருக்கும். உயிரைப் பறிக்கும் பொட்டுலினம் கிருமி 4.6க்குக் கீழே வளராது. சர்க்கரையைக் குறைத்த கெட்சப்பில் சிலவேளை பென்சோயேட் எட்டிப்பார்ப்பதற்கும் இதுதான் காரணம். ஒன்றைக் குறைத்தால் அதன் வேலையை இன்னொன்று செய்தாக வேண்டும். சர்க்கரை பாதியாகி 211, அதாவது சோடியம் பென்சோயேட், சேர்ந்த பாட்டில் ஒருபக்கம், எண் எதுவும் இல்லாமல் 22 கிராம் சர்க்கரை உள்ள பாட்டில் மறுபக்கம் என்று வைத்தால், சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

அந்த 211 எவ்வளவு ஆபத்து?

சோடியம் பென்சோயேட் என்பது பென்சோயிக் அமிலத்தின் உப்பு. கிரான்பெர்ரி போன்ற சில பழங்களில் அந்த அமிலம் இயற்கையாகவே இருக்கிறது. உடம்பில் தேங்காது; கல்லீரலில் மாற்றமடைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். பல நாடுகளின் விதிகள் கெட்சப் போன்ற சாஸ்களில் ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கின்றன. சில நாடுகளில் வரம்பு இன்னும் குறைவு. ஒருவர் தினமும் சாப்பிட்டாலும் பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021இல் இதை 20 என்று உயர்த்தியது. நாம் கடுமையான எண்ணையே எடுத்துக்கொள்வோம்.

60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் வரை சரி. உச்ச வரம்பு அளவுக்குப் பென்சோயேட் போட்ட கெட்சப்பிலிருந்து அது கிடைக்க அவர் தினமும் 300 கிராம் சாப்பிட வேண்டும். நடக்காத காரியம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 75 மில்லிகிராம். அது 75 கிராம் கெட்சப்பில் வந்துவிடும், அதாவது ஐந்து டேபிள்ஸ்பூனில். அன்றே பென்சோயேட் சேர்த்த குளிர்பானமும் உள்ளே போனால் இன்னும் சீக்கிரம். ஆகவே பெரியவர்கள் இந்த எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்சப்பை நிறையச் சாப்பிடும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் 211 இல்லாததாகப் பார்த்து வாங்குவது நியாயம். 202 என்பது பொட்டாசியம் சோர்பேட், பூஞ்சையைத் தடுப்பது, அதைப் பற்றிக் கவலை இன்னும் குறைவு. 260 என்பது அசிட்டிக் அமிலம்: வினிகருக்குப் புளிப்பைத் தருவதே அதுதான். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது.

எண்களில் நான் உண்மையிலேயே பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவது நிறங்களுக்காகத்தான். நல்ல தக்காளியில் செய்த கெட்சப்புக்குச் செயற்கை நிறம் தேவையே இல்லை. அப்படியிருந்தும் சில மலிவான சிவப்பு சாஸ்களில் 110, 122, 124 போன்றவை இருக்கும். 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய நிறங்களையும் சோடியம் பென்சோயேட்டையும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சில குழந்தைகளிடம் பரபரப்பு கூடியதாகக் கண்டார்கள். விளைவு சிறியது, எந்தப் பொருளால் வந்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆறு நிறங்களில் ஏதாவது ஒன்று இருந்தாலும், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும். என்னைப் பொறுத்தவரை நிறம் வேறொன்றையும் சொல்கிறது: உள்ளே சிவக்கும் அளவுக்குத் தக்காளி இல்லை.

தக்காளி எவ்வளவு இருக்கிறது?

பலர் பார்க்காமல் விடும் இடம் இது. உட்பொருள் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுகிறது. எது அதிகமோ அது முதலில். “தக்காளி பேஸ்ட், சர்க்கரை, வினிகர், உப்பு, மசாலாப் பொருள்கள்” என்று தொடங்கும் பாட்டிலும், “தண்ணீர், சர்க்கரை, தக்காளி பேஸ்ட்” என்று தொடங்கும் பாட்டிலும் ஒன்றல்ல. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், ஃபிரக்டோஸ் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பின்வரிசைக்குப் போய்விடும். கூட்டினால் முதலிடம் அதற்குத்தான்.

தக்காளி பேஸ்ட் எத்தனை சதவீதம், எத்தனை பிரிக்ஸ் என்று போட்டிருந்தால் இன்னும் நன்றாகக் கணக்குப் போடலாம். பிரிக்ஸ் என்பது கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு. சமைக்காத தக்காளியில் அது சுமார் 5. சர்வதேசத் தரநிலைப்படி பேஸ்ட் என்று சொல்ல 24 ஆவது வேண்டும், அதற்குக் கீழே இருப்பது பியூரி. 28 பிரிக்ஸ் பேஸ்ட் 30 சதவீதம் என்று ஒரு பாட்டில் சொன்னால், 100 கிராமில் 8.4 கிராம் தக்காளித் திடப்பொருள். அது கிட்டத்தட்ட 170 கிராம் சமைக்காத தக்காளிக்குச் சமம். அதே பேஸ்ட் 15 சதவீதம்தான் என்றால் 85 கிராம். 12 பிரிக்ஸ் பியூரி 30 சதவீதம் என்றால் வெறும் 70 கிராம். மூன்றும் ஒரே மாதிரி சிவப்பாக, ஒரே மாதிரி கெட்டியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

ஒரே மாதிரி கெட்டியாக எப்படி? மாற்றம் செய்யப்பட்ட ஸ்டார்ச், 415 என்னும் சாந்தன் கம் ஆகியவற்றால். சாந்தன் கம் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்து நொதிக்கவைத்து எடுக்கப்படும் பிசின். கெட்சப்பில் சேரும் அளவில் அது உடம்பை ஒன்றும் செய்யாது; தினசரி வரம்பு என்று எண் எதுவும் வைக்கத் தேவையில்லை என்றே நிபுணர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் முதலில் சொட்டும் தண்ணீர் இருக்கிறதே, அது தக்காளிக் கூழிலிருந்து பிரிந்த சாறுதான். கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. பிசின் சேர்த்தால் அது பிரியாது. ஆக 415 ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் தக்காளி குறைவாகவும் பிசினும் ஸ்டார்ச்சும் கூடவும் இருக்கிற பட்டியலைப் பார்த்தால், பணம் கொடுத்து வாங்குவது எதை என்று தெரிந்துவிடும். 2015இல் இஸ்ரேல் சுகாதார அமைச்சகம், உலகெங்கும் விற்கும் ஒரு பிராண்டில் தக்காளித் திடப்பொருள் போதவில்லை என்று, ஹீப்ரு லேபிளில் அதைக் கெட்சப் என்று அழைக்க விடவில்லை. சட்டம் கெட்டித்தன்மையைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்த நல்ல உதாரணம் அது.

அப்புறம் லைக்கோபீன். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருவது அதுதான். சமைத்துக் கூழாக்கியபின் உடம்பு அதை நன்றாக உறிஞ்சுகிறது, கொஞ்சம் கொழுப்பும் கூட இருந்தால் இன்னும் நன்றாக, இதெல்லாம் உண்மை. ஒரு டேபிள்ஸ்பூன் கெட்சப்பில் சுமார் 2 மில்லிகிராம் கிடைக்கும். அதற்காக அதைச் சத்துணவு என்று விற்பதை ஏற்க முடியாது. லைக்கோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று லேபிளில் எழுத அனுமதி கேட்டபோது, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2005இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மறுத்துவிட்டது. அதே 2 மில்லிகிராமுக்கு ஒரு தக்காளியைச் சமைத்துச் சாப்பிட்டால் ஒரு டீஸ்பூன் சர்க்கரை மிச்சம்.

கார்ன் சிரப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். அதிக ஃபிரக்டோஸ் கொண்ட கார்ன் சிரப்பும் சாதாரணச் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தருபவை. வினிகர் கலந்த கெட்சப்பில் சர்க்கரை தானாகவே மெல்லமெல்ல அந்த இரண்டாகவும் உடைந்துபோகும். எனவே ‘கார்ன் சிரப் இல்லை’ என்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான். தேனும் கெட்டியாக்கிய பழச்சாறும் போட்டு ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதினாலும், உலக சுகாதார அமைப்பின் கணக்கில் அவையும் அதே வரம்புக்குள்தான் வருகின்றன. சுக்ரலோஸ் (955), ஸ்டீவியா (960) போட்டவற்றில் சர்க்கரை உண்மையிலேயே குறைவு. ஆனால் எடையைக் குறைக்க இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் அந்த அமைப்பு சொல்லியிருக்கிறது. இனிப்பு நாக்கு அப்படியே இருந்துவிடும் என்பதுதான் எனக்கும் இதிலுள்ள தயக்கம். ‘கொழுப்பு 0 கிராம்’ என்பதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். கெட்சப்பில் எப்போதுமே கொழுப்பு இருந்ததில்லை.

சரி, கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் பட்டியலின் முதல் பெயர் தக்காளியா என்று. பிறகு 100 கிராமுக்குச் சர்க்கரையும் சோடியமும். பிரிட்டனின் சிவப்பு, மஞ்சள், பச்சை முறையில் 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு, 1.5 கிராமுக்கு மேல் உப்பு என்றால் சிவப்பு. சிலி நாட்டில் இன்னும் கண்டிப்பு: 10 கிராம் சர்க்கரை, 400 மில்லிகிராம் சோடியம் தாண்டினாலே கறுப்பு எண்கோண முத்திரை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால், 12 கிராம் சர்க்கரையும் 500 மில்லிகிராம் சோடியமும் உள்ள பாட்டில் கிடைத்தால் அது தேறியது என்றே சொல்வேன். லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள். உப்பின் எடை வந்துவிடும்.

சோடியம் குறைத்த வகைகளில் சிலவற்றில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது நல்லதே. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக்கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு எந்தக் கெட்சப்பும் அதன் புளிப்பாலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதை லேபிள் சொல்லாது.

வீட்டில் செய்வதானால் சர்க்கரையையும் உப்பையும் பாதிக்குக் கீழே தாராளமாகக் கொண்டுவரலாம். வினிகரில் மட்டும் கை வைக்காதீர்கள். பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. சர்க்கரை குறைந்த கெட்சப் வெளியில் தாங்காது. கொஞ்சமாகச் செய்து, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். மேலே பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடக்கூடாது. பூஞ்சையின் இழைகள் கூழுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருக்கும். கடையில் வாங்கிய, பிரிசர்வேட்டிவ் இல்லாத பாட்டிலைத் திறந்த பிறகும் இதே விதிதான்.